எங்கள் ஒழுங்கையில் வீதிப் பொங்கல், கூடவே மாநகர சபைக்கு இரண்டாவது கடிதம்: வெள்ளவத்தைக்காரர் யார் யார் சேர்கிறீர்கள்?

கால்வாய்க்கரை (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஓடும் ஒழுங்கைகளில் ஒன்றில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். போன வாரம் பெய்த மழையில் உங்களில் பலருடைய ஒழுங்கைகளில் தண்ணீர் நின்றிருக்கும். எங்களிடம் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். கூடவே தைப்பொங்கலுக்கு ஒரு யோசனையும் இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையின் வளைவில் உள்ள வடிகான் இரண்டு வருடமாக அடைத்துக் கிடந்தது. அரை மணி மழைக்கே கறுப்புத் தண்ணீர் பொங்கிப் படலை வரை ஏறும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். யாரைக் கேட்டாலும் "சொல்லியாச்சு, ஒருத்தரும் வரேல்லை" என்ற பதில்தான். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாரிடம் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், கையில் ஒரு துண்டாவது இருக்கிறதா? பதினாறு வீட்டில் ஒருவரிடமும் இல்லை. ஒருவர் முனைக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தார். இன்னொருவர் குப்பை லொறியில் வந்தவரிடம் சொல்லியிருந்தார். நானும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அன்றிரவே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். எந்த இலக்க வீட்டுக்கு முன்னால், எத்தனை மூடிகள், தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, அவ்வளவுதான். பதினொரு வீட்டார் கையொப்பம் வைத்தார்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நகர மண்டபத்துக்குப் போனேன். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு முன்னால் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன், படியேறி உள்ளே போனது அன்றுதான். கடிதம் வாங்கும் கருமபீடத்தில் இருந்த பெண் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டார். மற்றதில் ஊதா மையில் திகதி முத்திரை குத்தி, பக்கத்தில் பேனையால் ஓர் இலக்கம் எழுதித் தந்தார். முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. மை காயாமல் மடித்தால் அழிந்துவிடும் என்று வீடு வரும்வரை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பத்தாம் நாள் காலையில் ஆட்கள் வந்தார்கள். மூன்று கொங்கிறீட் மூடிகளை அலவாங்கால் நெம்பித் தூக்கினார்கள். முதலில் தம்பிலிக் கோம்பைகள் வந்தன, பிறகு கந்தல் துணி, அதற்குக் கீழே பலகை போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று. சீமெந்து. எங்கோ கட்டட வேலை செய்தவர்கள் கலவை கழுவிய தண்ணீரை நாள்தோறும் கானுக்குள் ஊற்றியிருக்கிறார்கள். அது படிந்து படிந்து கானின் பாதி உயரத்துக்கு இறுகிவிட்டது. உடைத்துத்தான் எடுத்தார்கள். மதியத்துக்கு முன் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்க ஒழுங்கையே வெளியே வந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பாட்டியின் பெயர் எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. பத்து வருடமாக அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம்.

அங்கே நின்றபோது வந்த யோசனைதான் இது. தைப்பொங்கல் காலையில் ஒழுங்கைக்குள்ளேயே கல் வைத்து, எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே பானையில் பொங்குவோம். முற்றம் உள்ள வீடுகள் நம்மிடம் நாலோ ஐந்தோதான். தொடர்மாடிக்காரர் காஸ் அடுப்பில் பொங்கிவிட்டு பல்கனியில் சூரியனைத் தேடுகிறோம்.

அதோடு இரண்டாவது கடிதம். மரைன் டிரைவ் பக்கம் உள்ள முனையில் இரண்டு வீதி விளக்கு எரிவதில்லை. டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் போனில் வெளிச்சம் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் சபைக்குப் போகும் காலம் இது. கேட்பதை இப்போது கேட்டால் நல்லது.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு மனதில் நிற்கிறது. 2023 மார்ச்சில் பழைய சபையின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நம் வட்டாரத்துக்கு உறுப்பினரே இல்லை. சரி, இப்போது 117 பேர் கொண்ட சபை வந்துவிட்டது. ஆனால் தேர்தல் அன்று எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் வாக்களிக்கப் போகவில்லை, ஏனென்றால் வாக்கு ஊரில் இருக்கிறது. இருபது, முப்பது வருடம் இங்கே குடியிருந்து, இங்கே பிள்ளைகளைப் படிப்பித்து, இங்கே வரி கட்டி, பெயர் மட்டும் இன்னும் வடமராட்சியிலும் தீவகத்திலும். இதைப் பற்றிப் பேச வேண்டும்.

சமுத்திரா (சனி, இரவு 10.05)

அக்கா, நான் வருகிறேன். பக்கத்து ஒழுங்கைதான். ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும், அதை ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு வையுங்கள். வீதியை மூடுவதானால் அதையும் அவர்களிடம்தான் பேச வேண்டும். போன வருடம் எங்கள் முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கடைசி நேரத்தில் ஓடித் திரிந்தோம்.

பருத்தித்துறையான் (சனி, இரவு 11.20)

பிள்ளை, நல்ல வேலை செய்திருக்கிறீர். ஆனால் கையொப்பம் வைக்காத ஐந்து வீட்டாரோடு கோபிக்க வேண்டாம். அவர்களில் என்னைப் போல ஒருவர் இருக்கக்கூடும்.

நான் 1979இல் வேலை கிடைத்து வெள்ளவத்தைக்கு வந்தவன். 83 ஜூலையில் இந்த ஒழுங்கைகளில் வீடுகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் வைத்திருந்தார்கள். எந்த இலக்கத்தில் தமிழர், எந்த இலக்கத்தில் இல்லை என்று அதைப் பார்த்துத்தான் படலையைத் தட்டினார்கள். எங்கள் வீட்டுக்காரர் சிங்களவர். அவருடைய பெயர்தான் பட்டியலில் இருந்தது, வாடகைக்கு இருந்த எங்கள் பெயர் இல்லை. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

பிறகு போர்க் காலம். யார் வந்தார், யார் போனார் என்று பொலிஸில் பதிய வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் சனத்தை, 376 பேரை, பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது, உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாள் எங்கள் மனதில் இருக்கிறது.

இந்த நகரத்தில் ஒரு பட்டியலிலும் பெயர் வராமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நான் நாற்பது வருடம் நினைத்து வாழ்ந்தவன். வாக்கை இங்கே மாற்றாததற்கும் அதுதான் காரணம். ஊர்ப் பாசம் என்று வெளியே சொல்வேன். அதற்குக் கீழே பயம்தான் இருக்கிறது.

கால்வாய்க்கரை (சனி, இரவு 11.48)

ஐயா, உங்களுடைய பதிவை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. கையொப்பம் வைக்காதவர்களோடு எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை, உள்ளே டீவி சத்தம் கேட்டது. அவருக்கும் எழுபது வயதுக்கு மேல். இனி அப்படி நினைக்க மாட்டேன்.

பெயர் வைக்கும்படி உங்களை வற்புறுத்தவில்லை. பொங்கலுக்கு மட்டுமாவது வாருங்கள்.

கொட்டாஞ்சேனை மகள் (ஞாயிறு, காலை 7.15)

ஐயா எழுதியது எங்கள் வீட்டுக் கதையும்தான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் பெயர் வைக்காமல் இருப்பது என்ற பேச்சே பெரிதாக இல்லை. எங்களில் பலருக்கு வேறு ஊர் கிடையாது. பூட்டன் காலத்திலிருந்து இதுதான் ஊர், வாக்கும் இங்கேதான். அதனால் வட்டார உறுப்பினர் யார், எந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்பது எங்கள் மாமிமாருக்குக் கூடத் தெரியும்.

ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். கத்தோலிக்கர் மட்டுமா வருகிறார்கள்? எல்லாச் சமயத்துச் சனமும் வருகிறது. அத்தனை சனம் வந்து போன வீதியை மறுநாள் பார்த்தால் நேற்றுத் திருவிழா நடந்ததா என்று கேட்பீர்கள். தானாக நடப்பதில்லை அது. பல நாள் முன்னாலேயே கோவில் ஆட்களும் பொலிஸும் மாநகர சபை ஆட்களும் இருந்து பேசுகிறார்கள். ஆடிவேலும் அப்படித்தானே. செட்டியார் தெருவில் புறப்பட்டுப் பம்பலப்பிட்டி வரை தேர் வருகிறதென்றால், எந்த நேரம் எந்தச் சந்தி மூடப்படும் என்று யாரோ எழுதிக் கொடுத்து ஒழுங்கு செய்திருக்கிறார்கள். கோவில் காரியத்துக்கு நம்மவர்கள் அவ்வளவு அழகாகக் கடிதம் எழுதுவார்கள். வடிகானுக்கு மட்டும் எழுதுவதில்லை.

வெள்ளவத்தைக்காரர் கோபிக்காதீர்கள், ஒன்று சொல்கிறேன். நீங்கள் தனியே பெரிய பெரிய தொடர்மாடிகளில் இருப்பதால் ஒழுங்கை என்பது காரை வெளியே எடுக்கும் பாதையாகிவிட்டது.

ஏழாம் மாடி (ஞாயிறு, காலை 8.30)

கோபம் இல்லை, சரியாகத்தான் சொன்னீர்கள். எங்கள் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவில் இருக்கிறேன். வருடாந்தக் கூட்டத்தில் பேசுவது லிஃப்ட், தண்ணீர்த் தாங்கி, ஜெனரேட்டர், வாகனத் தரிப்பிடம். படலைக்கு வெளியே உள்ள எதுவும் நிகழ்ச்சி நிரலில் வந்ததில்லை. 42 வீடுகள், அதில் எத்தனை பேருக்கு நம் வட்டாரத்தின் பெயர் தெரியும் என்று நேற்று வாட்ஸப் குழுவில் கேட்டேன். நாலு பேர் சரியாகச் சொன்னார்கள்.

வரி விஷயத்தில் மட்டும் எல்லோரும் கவனம். ஜனவரி 31க்கு முன் வருடத்துக்கான ஆதன வரியை முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு, அதைத் தவற விடமாட்டார்கள். அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை.

ஆனால் வீதியை மூடுவது பற்றி எனக்குப் பெரிய தயக்கம். எங்கள் மூன்றாம் மாடியில் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிசுக்குப் போகும் ஒருவர் இருக்கிறார். அந்த ஒழுங்கையில் இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே சிக்கல். பானையும் கல்லும் சனமும் நின்றால் அம்புலன்ஸ் எப்படி வரும்? எங்கள் தரிப்பிடத்தைத் தருகிறேன், அங்கே பொங்குங்கள்.

கால்வாய்க்கரை (ஞாயிறு, காலை 9.10)

அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. சொன்னது நல்லது, முழு ஒழுங்கையையும் மூடும் எண்ணத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் தரிப்பிடத்துக்குள் போனால் அது உங்கள் தொடர்மாடிப் பொங்கல் ஆகிவிடும். காவலாளி இருக்கிற கேற்றைத் தாண்டி கராஜ் பொடியன்கள் வருவார்களா? பின்பக்கத்து லைன் வீட்டில் இருக்கிற நாலு குடும்பம் வருமா? அந்தச் சிங்களப் பாட்டி வருவாரா? வெளியே வைப்பதே அதற்குத்தான்.

சமுத்திரா (ஞாயிறு, காலை 9.25)

வளைவில் பழைய வீட்டின் மதிலோரம் ஒரு கார் நிற்கும் அளவுக்கு அகலம் இருக்கிறதே, வடிகான் துப்புரவு செய்த இடத்துக்குப் பக்கத்தில். அதில் அடுப்பை வைத்தால் மற்றப் பாதி திறந்தே இருக்கும். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடலாம். ஒலிபெருக்கியும் வேண்டாம். பிள்ளைகள் பாடட்டும்.

ஏழாம் மாடி (ஞாயிறு, காலை 9.40)

அப்படியானால் எனக்குச் சரி. அன்று காலை எங்கள் வாசலில் நிற்கும் கார்களை உள்ளே எடுக்கச் சொல்கிறேன். கழுவத் தண்ணீர்க் குழாயும் எங்களிடமிருந்து தரலாம்.

மட்டக்குளி (ஞாயிறு, பிற்பகல் 2.00)

நான் வெள்ளவத்தைக்காரன் இல்லை. ஆனால் என் அப்பா இருபத்தாறு வருடம் உங்கள் பக்கத்து வீதிகளைக் கூட்டியவர். அதனால் எழுதுகிறேன்.

விடிய மூன்றரைக்கு எழும்புவார். நாலரைக்கு கையில் ஈர்க்குமாற்றோடு வீதியில் நிற்பார். கொழும்பில் துப்புரவு வேலை செய்த தலைமுறைகளில் எங்கள் மலையகத் தமிழர் எத்தனையோ பேர். தமிழ்க் கடை, தமிழ் வீடு, தமிழ்க் கோவில் எல்லாவற்றுக்கும் முன்னால் கூட்டியவர். ஆனால் வெள்ளவத்தையில் யாரும் அவரோடு தமிழில் பேசியது குறைவு என்று சொல்வார். கையைக் காட்டிக் குப்பையைக் காட்டுவார்களாம். அவருக்குத் தமிழ் தெரியும் என்றே பலருக்குத் தெரியாது. ஒரு வீட்டு அம்மா மட்டும் தினமும் பிளேன் டீ கொடுத்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்பாராம். அவர் வெளிநாடு போன அன்று அப்பா வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்தார்.

2017 சித்திரை வருடப் பிறப்பன்று, ஏப்ரல் 14இல், மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். நாம் எல்லோரும் போட்ட குப்பை அது. கொழும்பு நகரத்தின் குப்பை அடுத்தவன் வீட்டுக்கு மேல் விழுந்தது. அதற்குப் பிறகும் உக்கும் குப்பையையும் பிளாஸ்திக்கையும் ஒரே பையில் கட்டி இரவில் முனையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையைக் கிழித்துக் கையால் பிரிப்பது ஒரு மனிதர். போத்தல் துண்டு கிழித்த தழும்பு அப்பாவின் வலது உள்ளங்கையில் குறுக்கே இருக்கிறது. பேனை பிடித்தால் அந்த இடத்தில் முட்டும்.

அக்கா, பொங்கலுக்கு மூன்று விஷயம் கேட்கிறேன். வாழையிலையில் கொடுங்கள், லஞ்ச் சீற் வேண்டாம். இலையையும் சோற்றையும் தனியே போட ஒரு வாளி வையுங்கள். அப்புறம், அன்று காலை உங்கள் வீதியைக் கூட்ட வருகிறவரை நிறுத்தி, முதல் இலையை அவருக்குக் கொடுங்கள். அவர் தமிழராக இருக்கலாம், சிங்களவராக இருக்கலாம். பெயரைக் கேளுங்கள்.

கால்வாய்க்கரை (ஞாயிறு, பிற்பகல் 2.35)

தம்பி, மூன்றும் செய்வோம். வாழையிலை வெள்ளவத்தைச் சந்தையில் முதல் நாளே சொல்லி வைக்கிறேன். வடிகான் துப்புரவு செய்ய வந்த ஐந்து பேருக்கும் நான் தேநீர் கொடுத்தேன், ஆனால் ஒருவரின் பெயரையும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? முடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாகனம் அனுப்புகிறேன்.

போடிங் மாணவன் (ஞாயிறு, மாலை 5.10)

ஒரு சந்தேகம். நான் மட்டக்களப்பு, இங்கே கணக்கியல் படிக்கிறேன். எங்கள் போடிங்கில் மட்டும் பதினான்கு பேர். இந்த ஒழுங்கைகளில் மாணவர்களை எண்ணினால் இது ஒரு கல்லூரி ஊர் போலத்தான் இருக்கும். வகுப்பு முடிந்து இரவு ஒன்பது மணிக்கு அந்த விளக்கில்லாத முனையால் நடப்பவர்கள் நாங்கள்தான். ஆனால் எங்களுக்கு இங்கே வாக்கும் இல்லை, வரியும் இல்லை. நாங்கள் கையொப்பம் வைத்தால் அதற்கு மதிப்பு உண்டா?

ஒழுங்கை 57 (ஞாயிறு, மாலை 6.00)

உண்டு. நான் சட்டத்துறையில் இருக்கிறேன், கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

முறைப்பாட்டுக் கடிதம் எழுத வாக்கு வேண்டியதில்லை. அந்த வீதியால் நடக்கிறவர் என்பதே போதும். இன்னும் சொன்னால், இருட்டில் நடப்பவர்கள் எழுதும் கடிதத்தில் தான் நேரமும் இடமும் திருத்தமாக வரும். "திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 9 மணிக்கு நாங்கள் பதினான்கு பேர்" என்று எழுதுங்கள்.

மொழி பற்றிப் பலர் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இது விரிவாக இருக்கிறது, தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அதில்தான் வருகிறது. மீறினால் முறையிட 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஒரு தடவை எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் பதில் வந்தது. எது என்று இங்கே எழுதவில்லை. கோபப்படாமல், "உங்கள் கடிதம் கிடைத்தது, தமிழ்ப் பிரதியை அனுப்பவும்" என்று ஒரு வரி எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். மூன்று கிழமையில் வந்தது. தமிழ் கொஞ்சம் பிழையாக இருந்தது, ஆனால் வந்தது. நாம் கேட்காவிட்டால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடும், அடுத்த வருடம் அந்தக் கதிரையே இருக்காது. கீழே ஒரு சிங்களப் பிரதியும் இணைத்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்பதும் உண்மை. அதில் மானக் குறைவு எதுவும் இல்லை.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது பிரஜைகளுக்கு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அறிவிக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் போன வருடம் வீதி விளக்குக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை மாற்றினீர்கள் என்று இரண்டே கேள்வி கேட்கலாம். தம்பி, இதை நீங்கள் பதினான்கு பேரும் சேர்ந்து செய்தால் நான் வரைவு எழுதித் தருகிறேன்.

சமுத்திரா (ஞாயிறு, மாலை 6.20)

கடிதம் எல்லாம் சரி, ஆனால் உறுப்பினருக்கு ஒரு வாட்ஸப் அனுப்பினால் வேகமாக நடக்காதா?

ஒழுங்கை 57 (ஞாயிறு, மாலை 6.45)

நடக்கும், அவருக்கு ஞாபகம் இருக்கும்வரை. அவர் மாறினால் அதோடு போய்விடும். முத்திரை குத்திய பிரதி அடுத்த உறுப்பினரிடமும் பேசும். இரண்டையும் செய்யுங்கள்: கடிதத்தைக் கொடுத்துவிட்டு, முத்திரை தெரியும் பிரதியைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

நம் முறையில் உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தால் வருகிறார்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலால். 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் பட்டியலில் வந்தவர்களிடமும் போகலாம். நம் பிள்ளைகள் இரவில் நடக்கும் பிரச்சினையைப் பெண் உறுப்பினர் ஒருவரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள், அது தனி.

வேல்முருகு (ஞாயிறு, இரவு 7.30)

மாநகர முதல்வரே பெண்தானே. 2025 ஜூன் 16ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பில் விராய் கெலி பல்தசார் 61க்கு 54 என்று வென்று வந்தார். தனிப் பெரும்பான்மை எந்தக் கட்சிக்கும் இல்லை. இந்தச் சபையில் ஒவ்வொரு தீர்மானமும் இழுபறிதான். அதனால் இந்தக் கட்சியிடம் போனால் அந்தக் கட்சி தடுக்கும், அந்தக் கட்சியிடம் போனால்...

நெறியாளர் (ஞாயிறு, இரவு 7.50)

கட்சி விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே ஒழுங்கை, விளக்கு, பொங்கல், வாக்காளர் பதிவு.

கால்வாய்க்கரை (ஞாயிறு, இரவு 8.30)

நன்றி. இதுவரை முடிவானதை எழுதி வைக்கிறேன்.

பொங்கல் வளைவில், மதிலோரம், பாதி வீதி திறந்தபடி. பொலிஸுக்கும் ஒரு கடிதம் கொடுத்து அறிவித்துவிடுகிறேன். விளக்குக் கடிதத்தைப் போடிங் மாணவர்களும் நாங்களும் சேர்ந்து எழுதுகிறோம், சிங்களப் பிரதியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்தி எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டாள். மின்கம்பத்தில் இலக்கம் எழுதியிருக்கும், நாளை போய்க் குறித்து வருகிறேன். இலக்கம் இருந்தால் வருகிறவர்கள் தேட வேண்டியதில்லை.

வாக்காளர் பதிவு பற்றி. கிராம உத்தியோகத்தர் ஒவ்வொரு வருடமும் பட்டியலைத் திருத்துகிறார். அந்த நேரத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பெயரை இங்கே மாற்றலாம். நான் இந்த முறை மாற்றுகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஊர்?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். ஊர் எங்கேயும் போகாது அம்மா என்றேன். கிணறு இருக்கிறது, பனை இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தரம் திருவிழாவுக்குப் போகிறோம். ஆனால் அங்கே எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே இருப்பவர்களின் பிரதேச சபையை அவர்கள் தெரிவு செய்யட்டும். எனக்கு எந்த இடத்துத் தண்ணீர் காலில் படுகிறதோ அந்த இடத்தில் வாக்கு வேண்டும்.

வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஏழாம் மாடியாரின் தொடர்மாடிக் கீழ்த் தளத்தில் கூடுவோம். கடிதத்தை வாசித்துத் திருத்தி அங்கேயே கையொப்பம் வாங்கலாம்.

மட்டக்குளி (ஞாயிறு, இரவு 9.15)

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பொங்கலுக்கு வருகிறேன் என்றார். அந்த வளைவு அவருக்கு ஞாபகம் இருக்கிறது. முன்பு அங்கே ஒரு தேமா மரம் நின்றதாம், பூவைக் கூட்டி முடியாதாம்.

பருத்தித்துறையான் (ஞாயிறு, இரவு 10.50)

ஒரு கேள்வி. அந்தக் கடிதத்தில் அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டுமா?

கால்வாய்க்கரை (ஞாயிறு, இரவு 10.54)

இல்லை ஐயா. பெயர், விலாசம், கையொப்பம். அவ்வளவுதான்.

பருத்தித்துறையான் (ஞாயிறு, இரவு 11.30)

வாக்கை மாற்றுவது பற்றி இன்னும் யோசிக்கிறேன், அதை இப்போது கேட்க வேண்டாம். விளக்குக் கடிதத்தில் எனக்கு ஒரு வரி விட்டு வையுங்கள், பிள்ளை. நான் தமிழில்தான் கையொப்பம் வைப்பேன்.